மேனேஜர் இடத்தில் நின்ற சைக்கிள்

சித்திரை வெயிலில் நிறுத்திய சைக்கிளின் ட்யூப் தானாகவே வெடித்துவிடும். தானியேலின் சைக்கிளுக்கு அப்படி ஆகக்கூடாது என்று முனிரத்தினம் தன் தலைத்துண்டை நனைத்து, அதன் டயர்மேல் போட்டுவிட்டுப் போனதை நான் பார்த்தேன். தண்ணீர் என் பானையுடையது. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

அவர் எங்கள் கூட்டுறவுச் சங்க ஆபீஸின் பியூன். நான் தண்ணீர் பிடித்து வைப்பவள். எழுபத்தெட்டாம் வருஷம் ஆபீஸை உத்திரமேரூர் கடைத்தெருவிலிருந்து ஊருக்கு வெளியே, ஏரிப்பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் பெருமாள் கோயில் மதில் ஓரம் எல்லா வண்டிக்கும் நிழல் இருந்தது. பெருமாள் பார்த்துக் கொடுத்த நிழல். இங்கே ஒரு சின்னத் தகரக் கொட்டகைதான். இருந்த புளியமரத்தையும் கட்டடம் அழகாகத் தெரியவேண்டும் என்று வெட்டிவிட்டார்கள்.

மேனேஜர் உத்தியோக வரிசைப்படி நிழலைப் பங்கு போட்டார். முதல் இடம் அவருக்கு. அவரோ பஸ்ஸில் வருகிறவர். சைக்கிள் விடவும் தெரியாது. இருந்தாலும் பதவி வெயிலில் நிற்கலாமா?

தானியேல் தற்காலிக குமாஸ்தா. மானாம்பதி காலனியிலிருந்து மிதித்து வருவான். வரிசையில் கடைசி ஆள், ஆகவே வெயில். ட்யூப் வெடித்த நாளெல்லாம் வீடுவரை தள்ளிக்கொண்டு போய், மறுநாள் ஒட்டிக்கொண்டு வர நேரமாகிவிடும். "இன்னொரு தரம் லேட்டா வந்தா அப்படியே திரும்பிப் போயிடு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த வேலையை நம்பித்தான் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள்.

ஈரத்துண்டு எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் முனிரத்தினம் அந்த சைக்கிளை உருட்டிப்போய் முதல் இடத்தில் நிறுத்திவிட்டார்.

தானியேல் பதறினான். "இன்னா நைனா, என் வேலைக்கு ஒலை வெக்கிறியா?"

"சும்மா கெட. எல்லாருக்கும் மின்ன வா, எல்லாரும் போனப்புறம் எடு."

ஹெட் கிளார்க் இராமச்சந்திரன் வந்தார். "யோவ், இது யார் வண்டி?"

"மேனேஜர் எடத்துல வேற யாரு வண்டி சார் நிக்கும்?"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஹெட் கிளார்க் தன் கைக்குட்டையாலேயே அதைத் துடைத்தார். எண்ணெய் போட்டார். "வண்டி ஜம்முனு இருக்கு சார்" என்றதற்கு, சைக்கிள் விடத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட மேனேஜர், "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டி வைத்தார். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வியர்க்க வியர்க்க நடந்து வருவதை, "சார் உடம்புக்காக நடக்கிறார்" என்று ஹெட் கிளார்க்கே எல்லோருக்கும் விளக்கினார்.

ஆயுத பூஜையன்று முதல் சந்தனம், முதல் கற்பூரம் அந்த சைக்கிளுக்குத்தான். தானியேல் கடைசியில் நின்று கைகூப்பினான். என் சாமிக்கு யார் வண்டி என்று தெரியாமலா இருக்கும்? ஏற்றுக்கொண்டார்.

தை மாதம் மேனேஜருக்கு மாற்றல் வந்தது. அவருடைய சாமான் லாரியில் ஹெட் கிளார்க் ஓடிப்போய் சைக்கிளையும் ஏற்றிக் கட்டினார். தானியேலுக்கு முகம் செத்துப்போயிற்று. என்னுடையது என்றால் வேலை போகும். சொல்லாவிட்டால் சைக்கிள் போகும். மேனேஜருக்கும் வியர்த்தது. போகிற ஊரில் ஓட்டிக் காட்டச் சொன்னால்?

முனிரத்தினம் முன்னே வந்தார். "சார், உங்க ஞாபகமா இத ஆபீஸுக்கே வுட்டுட்டுப் போங்க சார்."

மேனேஜருக்கு உயிர் வந்தது. "கொடுத்தேன்!" என்றார். எல்லோரும் கைதட்டினோம். மாலையும் போட்டார்கள்.

"ஆபீஸ் வண்டிய இங்க வுட்டா களவு போயிடும் சார்" என்றார் முனிரத்தினம் ஹெட் கிளார்க்கிடம். "தானியேலு வூட்டுக்கு ஓட்டிக்கினு போயி, காலையில பத்திரமா கொண்டாரட்டும்."

"கீறல் விழாம பாத்துக்கடா" என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னார் ஹெட் கிளார்க்.

அதற்குப் பிறகும் அது ஆபீஸ் வண்டியாக முதல் இடத்தில்தான் நின்றது; தானியேல் ஒருநாளும் லேட்டாக வரவில்லை. அடுத்த வருஷம் வேலை நிரந்தரமாயிற்று. கல்யாணத்துக்கு நாங்கள் போய்வந்தோம்.

முனிரத்தினம் ரிட்டையர் ஆகி, ஓரிக்கையில் உள்ள மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். பஸ் ஏற்றிவிடப் போனேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சொன்னார்:

"ஆண்டாளம்மா, அந்த மொத எடத்த மட்டும் காலியா வுட்டுடாதீங்க. காலியா கீதுன்னு தெரிஞ்சா, வண்டி இல்லாதவன் எவனாவது வந்து அது என்னுதும்பான்."