மாமாவின் கப்பல் புத்தகம்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம். இவளெல்லாம் எழுத வந்துவிட்டாளா என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இந்த ஒரு புத்தகம் முழுமையானது என்னால்தான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மாவின் தம்பி, என் மாமா, சிவகாசியில் ஒரு பழைய காகிதக் கிடங்கில் வேலை பார்த்தார். எங்கெங்கோ காலி செய்த பங்களாக்களின் புத்தகங்கள் அங்கே எடைக்கு வரும். அட்டையை உரித்து, வெடிக்குக் குழாய் உருட்டும் வீடுகளுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள். அதில் பழங்காலத்துக் கப்பல் பயணப் புத்தகம் எதையாவது கண்டால் மாமா முதலாளியிடம் கேட்டு வாங்கிவிடுவார். இங்கிலீஷ் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். வரைபடத்தை மட்டும் விரலால் தடவியே, செம்புத் தகட்டில் அடித்ததா, பிற்காலத்து அச்சா என்று சொல்லிவிடுவார்.

ஒருமுறை மிகப் பழைய புத்தகம் ஒன்று அகப்பட்டது. வரைபடங்கள் மட்டும் இல்லை. தைத்த இடத்தில் கிழிந்த ஓரங்கள் நின்றன. கிழிந்த படங்கள் சேர்ந்து போன மூட்டை பக்கத்து நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் குழாய் உருட்ட வந்திருந்தது. மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். குழாய் உருட்டிக்கொண்டிருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, எழுந்து போய் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் வந்தார். ஞாயிறுதோறும் ஒன்று கிடைத்தது.

"இதுவும் மூட்டைக்கடியிலதான் கெடந்துச்சு" என்பாள் அத்தை.

"அது மூட்டையா, அட்சய பாத்திரமா?" என்பாள் அம்மா.

கடைசியில் தென்கடலைக் காட்டும் பெரிய மடிப்புப் படம் ஒன்றுதான் பாக்கி. கிடைக்கவில்லை என்று அத்தை இரண்டு ஞாயிறு கையை விரித்தாள்.

"உருட்டிட்டீக போல. சரி, விடுங்க" என்றார் மாமா. "மதுரையில ஒரு காகிதக் கடையில வேலைக்குக் கூப்பிடுதாக. போயிரலாம்னு இருக்கேன். இது ஒண்ணுக்காகத்தான் தள்ளிப்போட்டேன்."

அத்தை தலையைத் தூக்கவில்லை. மாமா முகம் வாடியதை என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே ஓடி, அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சுங்குடிச் சேலை மடிப்பிலிருந்து படத்தை உருவிக்கொண்டு வந்தேன்.

"எல்லாம் மொத நாளே வந்துருச்சு மாமா. அத்தைதான் பெட்டியில வச்சிக்கிட்டு ஒண்ணொண்ணாத் தந்தாக."

அத்தை கையிலிருந்த குழாய் நசுங்கியது. பசை கிண்டப் போன அம்மா அடுப்படியில் தனியாகச் சிரித்தாள். மாமா ஓரம் பொருந்துகிறதா என்று பார்க்கவேயில்லை. படத்தைத் தப்பான மடிப்பில் மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, சைக்கிளில் ஏறாமல் தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டே போனார்.

"ஏட்டி, ஒங்கிட்ட யாரு கேட்டா?" என்றாள் அத்தை. அன்றைக்குச் சாப்பிடவுமில்லை.

அத்தனை நாள் தேடிய புத்தகம் நிறைந்திருக்கிறது. நிறைத்தவள் நான். எனக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தராமல் ஆளுக்கொரு பக்கம் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. கிடங்கு திறக்கும் முன்பே மாமா வந்து, அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார்.