முதற்கவளம்

உளுந்தூர்பேட்டை உணவகமொன்றில் எனக்கெதிரே ஒரு தாயும் மகளும் அமர்ந்திருக்கிறார்கள். மகள் இராணுவத்தில் கேப்டன். விடுப்பு முடிந்து எல்லைக்குத் திரும்புகிறாள். தாய் வடக்கனந்தலில் நாற்று நடுபவர். இருவர் தட்டிலும் இட்டிலி தொடப்படாமல் இருக்கிறது.

"ஏனம்மா, உணவு ஆறுகிறதே?" என்று தாயிடம் வினவுகிறேன்.

"நீங்களே கேளுங்கய்யா. அங்க சிப்பாயிங்கல்லாம் துன்னப்புறந்தான் இவ துன்னுவாளாம். இங்கயும் நான்தான் மொதல்ல துன்னணுமாம்."

"ஆபீசர்னா அப்பிடித்தாம்மா," என்கிறாள் மகள்.

"வூட்ல நானும் கடைசியாத்தான்டி துன்னுக்கினு இருக்கேன். என்னை யாரு ஆபீசர்னாங்க?"

மூவரும் நகைக்கிறோம். வெளியே சென்னைப் பேருந்து ஒலியெழுப்புகிறது. தாயின் குரல் தாழ்கிறது.

"அங்க உன்னைத் துன்னச் சொல்ல யாருடி இருக்கா?"

மகள் இட்டிலியைப் பிட்டு உண்ணத் தொடங்குகிறாள். அவள் தட்டு ஒழியும்வரை தாய் தம் தட்டைத் தொடவில்லை.