சொல்லாமல் பிடுங்கிய கார்டு

2007 வாக்கில் துபாயிலிருந்து திரும்பி, மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். அப்போது இணையத்துக்கு லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு கார்டைச் செருகுவோம். அதை அப்படியே பிடுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

"முதல்ல திரையில கிளிக் பண்ணி கம்ப்யூட்டருக்கிட்ட சொல்லணும். எடுக்கலாம்னு அது சொன்ன பொறவுதான் கையை வைக்கணும்" என்று பாடம் எடுப்பேன்.

ஒரு நாள் என் மனைவி ஜெசி பள்ளி ஆண்டுவிழா நாடகத்தை லேப்டாப்பில் டைப் செய்துகொண்டிருந்தாள். கடைக்கு அவசரமாகக் கார்டு தேவைப்பட்டது. ஒரு வார்த்தை சொல்லாமல் உருவினேன். திரை உறைந்தது. காலையிலிருந்து அவள் அடித்ததெல்லாம் போயிற்று.

அவள் திட்டவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லுவிய. எங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டிய. துபாய்க்குப் போன அன்னைக்கும் அப்படித்தான். நீங்க கொண்டுபோய்த் திங்க ஏத்தங்காய் வத்தல் வாங்கச் சந்தைக்குப் போயிட்டு வந்தேன். வீட்டுல நீங்க இல்ல. நானும் இந்தத் திரை மாதிரிதான் நின்னேன்."

உண்மையில் அப்போது விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் அழுவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் முன்னதாகவே காரில் ஏறியிருந்தேன். அத்தனை வருடம் சொல்லாததை அன்று சொன்னேன்.

கேட்டுவிட்டு, "செரி, இப்பம் நாடகத்த நான் சொல்லுதேன், நீங்க டைப் பண்ணுங்க" என்றாள். அதன்பிறகு அன்று கடைக்குப் போகவில்லை.

இப்போது பால் வாங்கப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். "போயிட்டு வாங்க" என்று உள்ளிருந்து குரல் வரும்வரை, செருப்பைத் தேடுவதுபோல வாசலிலேயே நிற்பேன்.