பத்தொன்பதாவது தெரு

சோறு வந்துவிட்டது, மீன் வந்துவிட்டது, வறுத்த வாழைக்காயும் வந்துவிட்டது. எங்கள் இன்ஜினியர் எரிபெர்த்தோ கரண்டியைத் தொடமாட்டார். எலுமிச்சைச் சாறு வரவேண்டுமாம். அதுவரை மீன் ஆறினால் ஆறட்டும், ஈ மொய்த்தால் மொய்க்கட்டும். "அரைகுறையா ஆரம்பிக்கிறது பன்னிங்க பழக்கம்" என்பார், பாதித் தட்டைக் காலி செய்துவிட்ட எங்களைப் பார்த்து.

எங்கள் ஊர் பாரன்கியாவில் மழை பிடித்தால் தெருவெல்லாம் ஆறு. காரையே உருட்டிக்கொண்டு போகும். எந்தத் தெருவில் வெள்ளம், எதில் வண்டி போகலாம் என்று சொல்லும் இணையப்பக்கம் எங்கள் அலுவலகத்துடையது. அதன் சர்வர் நிரலை எழுதியவர் இந்த மகானுபாவர். பத்தொன்பது தெருக்களில் வெள்ளமட்டம் அளக்கும் நீர்மானிகள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும். வந்ததை வந்தபடி அனுப்புவாரா? மாட்டார். பத்தொன்பதும் வரும்வரை பஃபர் என்கிற தற்காலிகக் கிடங்கில் பிடித்துவைத்து, முழுப் பக்கமாகத்தான் வெளியே விடுவார். ஒன்று வாய் திறக்காவிட்டாலும் மற்றப் பதினெட்டும் உள்ளேயே கிடக்கவேண்டியதுதான்.

மனிதரிடம் நியாயமே இல்லை என்றும் சொல்லமுடியவில்லை, அதுதான் எரிச்சல். "எல்லாம் சரின்னு முதல் வரியிலயே சர்வர் சொல்லிட்டுத்தான் பக்கம் கிளம்புது. நடுவுல புட்டுக்கிச்சுன்னா, போனதைத் திரும்பக் கூப்பிடுவியா நெப்தலி?" என்று என்னைக் கேட்பார்.

"நாலஞ்சு தெரு சேர்ந்ததும் ஒரு கட்டா அனுப்புவோம் இன்ஜினியர். வராத தெருவுக்குப் பதில் இல்லைன்னு கடைசியில ஒரு வரி போட்டா போச்சு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதிப் பேரை எழுதிட்டுக் கையெழுத்துன்னு சொல்வியா?"

இவரிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். முட்டிக்கொண்டுதான் ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

போன அக்டோபரில் ஒரு மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பதினெட்டுத் தெருக்கள் பதில் சொல்லிவிட்டன, ஒரு நீர்மானி மட்டும் செத்துக் கிடந்தது. ஊர் முழுக்கக் கைபேசிகளில் வெறும் வெள்ளைப் பக்கம். என் பக்கத்து மேசை யாதிராவுக்கு அவள் கணவனிடமிருந்து போன். ஒஸ்வால்தோ பள்ளி வேன் ஓட்டுகிறவன்.

"பக்கம் திறக்கவே மாட்டேங்குது யாதி. வண்டியில பதினோரு புள்ளைங்க. எண்பத்திநாலாம் தெருவுல இறங்கவா, சுத்திப் போகவா? பின்னாடி ஹாரன் அடிச்சுக் கொல்றானுங்க!"

சர்வருக்கு வந்துசேர்ந்த கணக்கெல்லாம் எங்கள் திரையில் இருந்தது. யாதிரா போனை ஸ்பீக்கரில் போட்டு, வரிசையாகப் படிக்கத் தொடங்கினாள். "எழுபத்தாறு காலி. எண்பத்திரண்டுல முழங்கால் தண்ணி. எண்பத்தி..."

எரிபெர்த்தோ எழுந்து வந்து போனின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். "பொறும்மா. இன்னும் ஒண்ணு வரணும். வந்ததும் முழுசாச் சொல்லு."

"கைய எடுய்யா!" ஆறு வருட மரியாதையும் அந்த ஒரு அடியில் போயிற்று. கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள்: "இறங்காத ஒஸ்வால்தோ! எண்பத்திநாலுல ஆளை அடிச்சிட்டுப் போகுது. எழுபத்தாறுக்குத் திருப்பு!"

பிரேக் கிறீச்சிட்டது. பிள்ளைகள் வீறிட்டார்கள். பிறகு ஒஸ்வால்தோவின் குரல்: "திரும்பிட்டேன். முன்சக்கரம் தண்ணியில இறங்கிடுச்சு யாதி... திரும்பிட்டேன்."

யாதிரா மேசைமேல் கவிழ்ந்து அழுதாள். நான் எரிபெர்த்தோவைப் பார்த்தேன். அடிபட்டுச் சிவந்த கையின் ஒரு விரலை எங்களை நோக்கி உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டியபடி, அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.