வால்வுக்கு அடித்த பெயின்ட்

அன்று ஸ்டோரில் இருந்தவர்கள் இவர்கள். தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா. அடுப்புக்கு விறகு போடுபவர் ஒருவர். கப்பலில் வேலை செய்துவிட்டு வந்த, மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். மேல் மாடியில் தேயிலைக் கொழுந்து பரத்திக்கொண்டிருந்த நான்கு பெண்கள். அந்த நால்வரில் ஒருத்தி என் மனைவி. பிறகு நான். மற்றவர்கள் பகல் சாப்பாட்டுக்குக் குடியிருக்கும் லயத்துக்குப் போயிருந்தார்கள்.

இடம் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டம். தொண்ணூற்றேழாம் வருடம், ஆகஸ்ட் மாதம். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். கூரைத் தகரத்தின் மேல் கல் வைக்க வேண்டும். ஆனால் அந்தக் காற்றில்தான் நல்ல தேயிலை வரும். மெஷின் ஓடினால் லயத்து வாசல் வரை வாசம் வரும். இப்போதும் ஆகஸ்ட் வந்தால் அந்த வாசத்தைத் தேடுகிறேன்.

என் வேலை பெயின்ட் அடிப்பது, சுண்ணாம்பு அடிப்பது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது.

பிட்டர் யாழ்ப்பாணத்து ஆள். பன்னிரண்டு வருடம் கப்பலில் இஞ்சின் ரூமில் இருந்தவர். சண்டையால் ஊருக்குப் போக முடியாமல் பதுளைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. ஆனாலும் ஐயா என்றே கூப்பிடுவேன். வானம் தெளிந்த நாளில் ஸ்டோர் வாசலில் நின்றால் தெற்கே வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது கடல் என்பார். தேத்தண்ணி குடிக்கும்போது அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்பார்.

வந்த புதிதில் ஸ்டோரைச் சுற்றிப் பார்த்தார். மரத்தளம், மரப்படி, பக்கத்தில் விறகடுப்பு. கப்பலைவிட இது மோசம் என்றார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் பேசித் தீயணைக்கத் தனியாக ஒரு குழாய் போட்டார். மலை மேல் உள்ள தாங்கியிலிருந்து குழாய் இறங்கி வரும். ஸ்டோரின் வெளிச் சுவரில் அது இரண்டாகப் பிரியும். ஒன்று அடுப்பு அறைக்குள் போகும். மற்றது மாடிப்படியின் அடிக்குப் போகும். இரண்டின் நுனியிலும் ஒவ்வொரு ஹோஸ். அடுப்பு அறைக்குப் போகும் குழாயில், சுவருக்கு வெளியே, ஒரு பித்தளை வால்வு வைத்தார். உடைத்த கப்பலின் சாமான் விற்கும் இடத்தில் கொழும்பில் வாங்கிய வால்வு அது. சிவப்புச் சக்கரம் வைத்தது.

"இது என்னத்துக்குங்க ஐயா? எப்பவும் தொறந்துதானே கெடக்கு?" என்று கேட்டேன்.

"கப்பலிலை இப்பிடித்தான். இஞ்சின் ரூமுக்குப் போற குழாய்க்கு வெளியிலை ஒரு வால்வு இருக்கும். உள்ளை நெருப்புப் பிடிச்சுக் குழாய் உடைஞ்சால் இதைப் பூட்டவேணும். பூட்டாட்டி முழுத் தண்ணியும் அங்கை ஓடிப்போம். மற்றப் பக்கம் நிக்கிறவன்ரை கையிலை வெறும் ஹோஸ்தான் இருக்கும்."

"நம்ம ஸ்டோரு எங்கயும் மெதக்கலீங்களே."

"நெருப்புக்கு அது தெரியாது."

சனிக்கிழமை தோறும் அந்தச் சக்கரத்தைப் பூட்டித் திறந்து பார்ப்பார். தண்டுக்கு கிரீஸ் பூசுவார்.

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வந்தால், நகராத எல்லாவற்றுக்கும் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடிப்போம். பாதை ஓரத்துக் கல்லுக்கு அடிப்போம். மரத்தின் காலுக்கு அடிப்போம். அந்த வருடம் ஜூன் மாதம் கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். நான் வால்வுக்கு வெள்ளிப் பெயின்ட்டும் சக்கரத்துக்குச் சிவப்பும் அடித்தேன். நடுவில் தண்டில் கிரீஸ் அழுக்காகத் தெரிந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு அதற்கும் அடித்தேன். வந்தவர்களில் ஒருவர் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜூலையில் மறுபடி வந்தார்கள். மறுபடி அடித்தேன்.

அந்த இரண்டு மாதமும் கொழுந்து அதிகம். மெஷின் இரவு பகலாக ஓடியது. ஒன்று மாற்றி ஒன்று பழுது. பிட்டருக்குச் சனிக்கிழமை வால்வைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. பெயின்ட் நன்றாகக் காய்ந்தது.

ஆகஸ்டில் அந்தப் பகலில் அடுப்பு அறையில் தீப்பிடித்தது. புகைக்குழாய் வழியாகப் பொறி கூரைக்குப் போயிருக்க வேண்டும். நாங்கள் பார்க்கும்போது கூரை மரம் எரிந்துகொண்டிருந்தது. டீமேக்கர் ஐயா சங்கு ஊதினார். பிட்டரும் விறகுக்காரரும் உள்ளே ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கூரை உத்திரம் ஒன்று குழாய் மேலேயே விழுந்தது. குழாய் முறிந்தது. இரண்டு பேரும் வெளியே ஓடி வந்தார்கள். தீ மேலே. தண்ணீர் தரையில் ஓடிச் சாக்கடைக் கானுக்குப் போனது.

மாடிப்படி அந்த அறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. மாடியில் இருப்பவர்கள் இறங்க அது ஒன்றுதான் வழி. கீழ்ப்படிகள் பிடிக்கத் தொடங்கின. நான் படியடி ஹோஸை எடுத்துத் திறந்தேன். தண்ணீர் என் காலடியில் ஒழுகியது. அவ்வளவுதான்.

மேலே பெண்கள் கத்தினார்கள். என் மனைவியின் குரல் தனியாகக் கேட்டது.

"என்னங்க! படி தெரியலீங்க! எறங்கவாங்க?"

"எறங்காத! அங்கனயே நில்லு!"

"இங்கயும் பொக வருதுங்க!"

வெளியே பிட்டரின் சத்தம் கேட்டது. "சுத்துதில்லை! சுத்துதில்லை!"

ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்து ரத்தம் வந்தது.

"ஆர் இதுக்குப் பெயின்ற் அடிச்சது?"

 அந்தத் தோட்டத்தில் பெயின்ட் அடிக்க வேறு ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

ஒரு இரும்புக் கம்பியை எடுத்துச் சக்கரத்துக்குள் விட்டு நெம்பப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "தண்டு முறிஞ்சுதெண்டால் எல்லாம் முடிஞ்சுது. கத்தி! கத்தி ஒண்டு கொண்டு வாரும்!"

விறகுக்காரர், தேயிலைச் செடி வெட்டும் தன் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார். நான் சுரண்டினேன். தண்டின் மரை மரையாகச் சுரண்டினேன். பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே திரும்பவும் பெயின்ட். விறகுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றினார். மாடியில் இருமல் கேட்டது. என் மனைவி பேசவில்லை. இன்னும் வேகமாகச் சுரண்டினேன்.

பிட்டர் சக்கரத்தை முன்னும் பின்னுமாக அசைத்தார். கொஞ்சம் நகர்ந்தது. பிறகு கால் சுற்று.

"போம்! ஹோஸைப் பிடியும்! இதை நான் பாக்கிறன்!"

திரும்பி ஓடினேன். தரையில் சுருண்டு கிடந்த ஹோஸ் மெல்ல விறைத்தது. பிறகு துள்ளி என் முழங்காலில் அடித்தது. பிடித்துப் படியில் அடித்தேன். மூன்று படி கரியாகியிருந்தது. மற்றப் படிகள் நின்றன. நனைத்துக்கொண்டே "வாங்க, வாங்க" என்று கத்தினேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தியின் சேலையை ஒருத்தி பிடித்தபடி இறங்கினார்கள். என் மனைவி கடைசியில் வந்தாள். புருவம் பொசுங்கியிருந்தது. என்னைத் தாண்டிப் போய் வெளியே உட்கார்ந்தாள்.

அடுப்பு அறையின் கூரை முழுவதும் போனது. ஸ்டோர் தப்பியது.

பின்னேரம் பெரிய துரை வந்து விசாரித்தார். படிக்குத் தண்ணீர் வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். பிட்டர் முன்னால் போய் நின்றார்.

"வால்வு இறுகிப்போச்சு சேர். சனிக்கிழமையளிலை நான் சுத்திப் பாக்கேல்லை. என்ரை பிழை."

பெயின்ட் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.  துரை எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அழகுக்கு அடிச்சீங்களாக்கும்?"

"ஆமா."

"நல்லாத்தான் இருந்துச்சு. நானும் பார்த்தேன்." தட்டை என் முன்னால் வைத்தாள். "ஊரு விட்டு ஊரு வந்து பொழைக்கிற மனுசன். அவரு தலையில போட்டுட்டு ஒங்களுக்குச் சோறு எறங்குதா?"

இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது துரையிடம் போய்ச் சொன்னேன். எல்லோரும் கேட்கச் சொன்னேன். மூன்று மாதம் என்னைத் தேயிலை மலைக்கு அனுப்பினார். கவ்வாத்து வெட்டினேன். பிட்டருக்குத்தான் கோபம்.

"ஏன் போய்ச் சொன்னனீர்? ஏச்சு வாங்க ஒரு ஆள் போதாதே?"

"நான் அடிச்ச பெயின்ட்டுங்க ஐயா."

"சுத்திப் பாக்கிறது என்ரை வேலை. அதையும் நீர்தான் செய்யவேணும் எண்டு சொல்லும் பாப்பம்."

மூன்று மாதம் முடிந்து ஸ்டோருக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். கிரீஸ் டப்பாவை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது. நான் பூட்டித் திறக்கும்வரை பக்கத்தில் நிற்பார். கடல் தெரிகிறதா என்று பார்ப்பார்.

என் மனைவி விடவில்லை. நான் எங்காவது பெயின்ட் டப்பாவோடு போனால் லயத்து வாசலிலிருந்தே கேட்பாள்.

"என்னங்க, கம்பெனிக்காரங்க வாறாங்களா? எம் மூஞ்சிக்கும் ரெண்டு கோட்டு அடிச்சுட்டுப் போங்க!"

லயமே சிரிக்கும்.

யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் பிட்டர் ஊருக்குப் போனார். போகும்போது என் மனைவி தேயிலைப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. இன்னும் சில வருடத்தில் ஸ்டோரையும் மூடினார்கள். மெஷினை லாரியில் ஏற்றினார்கள். குழாயையும் கழற்றினார்கள். ஆகஸ்ட் காற்று மட்டும் வருகிறது. அதில் வாசம் இல்லை.

மனைவி நெஞ்சு நோயில் போனாள். எங்களுக்குக் கலியாணமாகி எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று வராது. தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அவளோடு இருந்த வருடங்களைத்தான் நான் கணக்கு வைத்திருக்கிறேன், அவை எனக்குக் கிடைக்காமல் போயிருக்க வேண்டியவை.

பதினெட்டு.