அவள் சாப்பிட்டாள் என்று சொன்னேன்

என் மனைவி சாப்பிடவில்லை. சாப்பிட்டாள் என்று நர்சிடம் சொன்னேன். அவளுடைய சாப்பாட்டை அவள் கண்ணெதிரே உட்கார்ந்து தின்றவன் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் அதற்கு முன்னால் நியாயங்களை அடுக்கிவிடுவேன்.

அவளுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. மூன்று வருடங்களுக்கு முன் வலது காலின் பெருவிரல் கறுத்துப்போய், மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். சர்க்கரை இறங்கி இரண்டு நாள் நின்றால் ஆபரேஷன் செய்யலாம், விரலோடு போகும், தாமதித்தால் அழுகல் மேலே ஏறும் என்றார் டாக்டர். நாளுக்கு நான்கு முறை விரல்நுனியில் குத்திப் பார்த்தார்கள். நானும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். எண்கள் எனக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நினைப்பவன்.

மூன்றாம் நாள் மாலை முந்நூற்று நாற்பது காட்டியது. மறுநாளைய ஆபரேஷன் தள்ளிப்போனது. ஏன் ஏறியது என்று யாருக்கும் புரியவில்லை. காலையில் பக்கத்துக் கட்டில் அம்மாள் பெருமையாகச் சொன்னார்: "நேத்து எங்க வீட்டு ஹோளிகே ஒண்ணு குடுத்தேன் சார். பாவம், கொழந்தை மாதிரி தின்னாங்க."

வெல்லப் பூரணம் வைத்த போளி. எனக்குக் கண் இருண்டது.

மருந்தின் குமட்டலால் அவளைப்போலப் பாதித் தட்டை ஒதுக்குகிறவர்களுக்கு, அந்த வார்டில் சாப்பாடு முடிந்த பிறகுதான் இன்சுலின் போடுவார்கள். எவ்வளவு சாப்பிட்டார் என்பதைக் கூட இருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். மத்தியானம் தட்டு வந்தபோது பக்கத்துக் கட்டில் அம்மாளை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர்தான்.

"நேத்தே விருந்து தின்னாச்சில்ல? இன்னைக்கு எதுக்கு?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. கையில வெச்சுட்டாங்க, வேண்டாங்க முடியல."

"உன்ற நாக்க வெட்டோணும். அத உட்டுப்போட்டுக் கால வெட்டறாங்க."

தட்டை என் மடியில் வைத்துக்கொண்டேன். சப்பாத்தி, அவரைக்காய்ப் பொரியல், கொஞ்சம் சோறு, மோர். எனக்குப் பசியே இல்லை. வழித்துத் தின்றேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் சின்னப் பெண். காலித் தட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "அஜ்ஜி ஊட்டா ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டாள், பாட்டி சாப்பிட்டாச்சா என்று.

"ஆயித்து. பூரா சாப்பிட்டுட்டா."

"குட் அஜ்ஜி!" என்று கன்னத்தைத் தட்டி, வயிற்றில் ஊசி போட்டாள். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வெறும் வயிற்றில் ஊசி இறங்கினால் எண் இன்னும் இறங்கும், சீக்கிரமே கத்தி வைத்துவிடுவார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பாடம் தெரிந்தவனின் புத்தி.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். "ஏனுங்க, என்னமோ பண்ணுது. துளி சக்கரை குடுங்க" என்றாள்.

நான் சிரித்தேன். "ஹோளிகே போதுமா, மைசூர்பாகும் வேணுமா?"

"கையெல்லாம் நடுங்குதுங்க."

"நடிக்கறதுக்கு உனக்கு ஆசுபத்திரிதான் கெடச்சுதா?"

செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அதைத் தாழ்த்தியபோது அவளுடைய ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. "நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டாள். அப்போதுதான் கத்தினேன். குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை முப்பத்தொன்று. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் என்னை அடையாளம் தெரிந்தது.

பொய் அதோடு நிற்கவில்லை. ஏட்டில் 'முழுச் சாப்பாடு' என்று இருந்தது. முழுதாகச் சாப்பிட்டுமா இப்படி இறங்கியது என்று டாக்டர் நர்சைத் திட்டினார். அளவு தப்பவில்லை என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இந்த உடம்புக்கு இவ்வளவு மருந்து ஆகாது என்று முடிவுசெய்து டாக்டர் இன்சுலினைக் குறைத்தார். சர்க்கரை மறுபடி முந்நூறைத் தாண்டியது. ஆபரேஷன் இன்னொரு வாரம் தள்ளிப்போயிற்று. அதற்குள் கறுப்பு அடுத்த விரல்களுக்கும் பரவி, கடைசியில் பாதத்தின் முன்பாதியையே எடுத்தார்கள்.

தையல் பிரித்த அன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நர்சையும் வரவழைத்து அவள் முன்னால் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா டோஸைக் குறைச்சிருக்க மாட்டேன் சார்" என்றார். நான் கும்பிட்டேன். நர்ஸ் என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

மைசூரிலேயே விஜயநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நானென்ன தூங்கிட்டா இருந்தேன்? எல்லாங் கேட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "வெளியாளு முன்னாடி உங்களப் பொய்யனாக்க வேண்டாம்னு சும்மா இருந்தேனுங்க." கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். "இத்தன ஆகுமுன்னு தெரியல."

அன்றிலிருந்து சமையல் என்னுடையது. விரலில் குத்துவதும், அவள் சாப்பிட்டு முடித்ததைப் பார்த்துவிட்டு ஊசி போடுவதும் நான்தான். மறுக்காமல் கையை நீட்டுவாள். போன யுகாதிக்கு டாக்டரைக் கேட்டு, அரை ஹோளிகே கொடுக்கலாம் என்று அனுமதி வாங்கினேன். நெய் தடவித் தட்டில் வைத்து நீட்டினேன். ஒரு விரலால் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே தின்னுங்க. ஆராச்சும் கேட்டா, அவ தின்னுட்டான்னு சொல்லிக்குங்க."

தின்று முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.