நர்ஸம்மாவின் காரில் புகை வாசம்

பிப்ரவரி 23 — 2,500
மார்ச் 30 — 2,500
ஏப்ரல் 9 — 2,500
ஏப்ரல் 27 — 2,500
ஜூன் 1 — 2,500

இது என் நோட்டில் உள்ள கணக்கு. மொத்தம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். காருக்குள் புகைத்தவர்களிடம் நர்ஸம்மா துப்புரவுக் கட்டணம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகை. கேட்கவில்லை.

வாடகைக்குப் போன கார் திரும்பி வந்ததும் கதவைத் திறக்க மாட்டார். அப்படியே மூடி வைத்துவிட்டு, எங்கள் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிற்சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணா, கொஞ்சம் மூக்கைக் கொண்டு வாங்க" என்பார். நான் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பத்து எண்ணுவேன். வெளியே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். இறங்கி வந்து "இருக்கு" என்பேன், அல்லது "இல்லை". வேறு பேச்சு தேவையில்லை.

நர்ஸம்மாவுக்கு வாசனை தெரியாது. நான்கு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு அது போனது. "முப்பத்தொரு வருஷம் வார்டு நெடியைப் பாத்த மூக்கு. அதுவும் ரிட்டயர் ஆயிடுச்சு" என்பார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார் அது. "ஊர் ஊராப் போகலாம்னு வாங்கினேன். கூட யாருன்னு யோசிக்கல." ஒரு வருடம் உறை போட்டு நின்றது. பிறகு, சொந்தக் காரை நாள் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் போன் வழியாகப் பதிந்தார். சாவியைப் பூட்டிய பெட்டியில் வைத்துவிடலாம், ஆளே வர வேண்டாம் என்றது கம்பெனி. நர்ஸம்மா பெட்டி வாங்கவில்லை. வருகிறவர் கேட்டைத் தட்டி, அவர் கையிலிருந்துதான் சாவி வாங்க வேண்டும்.

சாவியோடு ஒரு வாக்கியமும் கொடுப்பார். "உள்ள சிகரெட் கூடாது தம்பி. எனக்கு வாசனை தெரியாது, நம்பித்தான் தரேன்."

"அதை எதுக்கு நீங்களே சொல்றீங்க? பிடின்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று நான் ஒருமுறை கடிந்துகொண்டேன்.

"அவங்களா எதையும் கேக்கறதில்லையே அண்ணா. அதனாலதான் நானே சொல்றேன்."

நான் "இருக்கு" என்று சொன்ன நாட்களில் வேலை தொடங்கும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து, ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். துணியில் மஞ்சள் ஏறும். முன்கண்ணாடியின் உட்புறம், சீட் நகரும் இடுக்கு, எல்லாம் பார்ப்பார். புதிதாக ஒரு சென்ட் அட்டை தொங்கினால் அதைத்தான் முதலில் கழற்றுவார். "புண்ணைத் துடைக்காம கட்டுப் போட்டிருக்கான் பாருங்க." பிறகு வினிகர் தண்ணீர், சமையல் சோடா, ஒரு தட்டு நிறைய அடுப்புக்கரி. படுத்த நோயாளியின் முதுகைத் துடைப்பதுபோல மேலிருந்து கீழாகவே சீட்டைத் துடைப்பார். முடிந்ததும் மறுபடி என் மூக்கு. முழுதாக ஒருநாளும் போனதில்லை.

துப்புரவுக் கட்டணம் வேண்டுமானால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போட்டோ அனுப்ப வேண்டும். "வாசனையை எப்படி அண்ணா போட்டோ எடுக்கறது?" போட்டோ இல்லையென்றால், புகைத்தவர் தானே ஒப்புக்கொண்டு எழுதிய செய்தி போதும். அதற்காக நர்ஸம்மா போன் செய்வார். வார்டில் கேட்ட அதே குரல்: "எத்தனை பிடிச்சீங்க? எப்ப? வெறும் வயித்துலயா?" அந்தக் குரலிடம் யாரும் மறைத்ததில்லை. ஏப்ரல் 9ஆம் தேதி பேச்சு நாற்பத்தேழு நிமிடம் நீண்டது. வேலைக்கான நேர்காணலில் தோற்றுத் திரும்பிய பையன். பணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சாப்டியாப்பான்னு கேட்டுட்டேன். அப்புறம் எப்படிக் காசு கேக்கறது?"

மற்ற நான்கு தேதிகளும் ஒரே ஆளுடையவை. தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். மனைவி பிரிந்து, ஏழு வயது மகனோடு வேறு ஊரில் இருக்கிறாள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மகனைப் பார்க்கலாம் என்பது கோர்ட் தீர்ப்பு. முதல் ரயில் அங்கே சேர்வதே பன்னிரண்டரைக்கு. அதனால் கார்; மறுநாள் ஞாயிறு காலையில் கொண்டுவந்து விடுவார். அவர் எழுதிய செய்தியை நர்ஸம்மா எனக்குக் காட்டினார்: "போகும்போது பிடிக்கறதில்ல சிஸ்டர், பையன் சட்டையில ஒட்டும். திரும்பும்போது ரெண்டு. தனியா வர முடியல."

அடுத்து காரை எடுத்தவர்கள் புகை நெடி என்று கம்பெனிக்கு எழுதினார்கள். ஏப்ரல் 1, ஏப்ரல் 29, ஜூன் 3. மூன்று புகார். ஜூன் 9 அன்று கம்பெனியின் கடிதம் வந்தது. புகைத்தவர் யார் என்று ஏழு நாளில் ஆதாரத்தோடு சொன்னால் அவரை நீக்குவோம், அவருக்கு இனி எவருடைய காரும் கிடைக்காது. சொல்லாவிட்டால் உங்கள் கார் நீக்கப்படும்.

பதிலை எழுதித் தரச் சொன்னார். கிடங்கில் நாற்பது வருடம் பதிவேடு எழுதியவன் நான். தேதி, நேரம், செய்தியின் நகல், எல்லாம் ஒரே பக்கத்தில் அடக்கிக் கொடுத்தேன். நர்ஸம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ஒரு குறை இல்ல அண்ணா."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"அந்தக் குழந்தைக்கு மாசத்துல ஒரு நாள்தான் அப்பா."

"சரி. வண்டி போயிட்டா இந்த கேட்டை யார் தட்டுவா? அதை யோசிச்சீங்களா?"

"தண்ணி கேன் போடறவர் வராரே" என்றார். சிரிப்பதற்குத்தான் சொன்னார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பிறகு நான் கொடுத்த தாளைத் திருப்பி, மருந்துச் சீட்டில் எழுதுகிற சின்னச் சின்ன எழுத்தில் எழுதினார்: 'வண்டியில் புகைத்தது நான்தான். வாடகைக்கு எடுத்தவர் எவரும் இல்லை.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டார்.

"இது பொய்யாச்சே, சிஸ்டர்."

"உங்க நோட்டுல உண்மை இருக்கில்ல, போதும்."

கட்டிங் மாஸ்டரிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் கார் விடுகிறார், அங்கே கேளுங்கள், புகைப்பதானால் இறங்கி நின்று பிடியுங்கள் என்று மட்டும் போனில் சொன்னார். அன்று பேச்சு மூன்று நிமிடம்.

கம்பெனியின் பதில் பதிவுத் தபாலில் வந்தது. கேட்டருகே நின்றபடியே பிரித்து எனக்காக உரக்கப் படித்தார். 'வாகனத்தின் உரிமையாளரே புகைப்பவர் என்று ஒப்புக்கொண்டிருப்பதால், இவ்வாகனம் நிரந்தரமாக' என்ற இடத்தில் நிறுத்தினார். கடிதத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையின் இரண்டு விரல்களை உதட்டில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்தார். வயதில் மூத்தவன் எதிரே நிற்கிறேன் என்பதாலோ என்னவோ, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக வெளியே விட்டார்.

கடிதம் வந்தது ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.